படிவத்தை முகவர் நிரப்பினார், கையெழுத்து மட்டும் என்னுடையது

காப்புறுதி எடுத்து வைத்திருப்பவர்கள் பத்திரத்தை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரை நான் போடவில்லை. மனநோயால் வேலை செய்ய முடியாமல் போனால் பணம் இல்லை என்ற வரி உங்கள் பத்திரத்திலும் இருக்கலாம்.

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் உதவி டீமேக்கர், அதாவது தூள் பதமாகிறதா என்று பார்ப்பவன். 2017இல் ஆயுள் காப்புறுதி எடுத்தேன். நோயாலோ விபத்தாலோ வேலை செய்ய முடியாமல் போனால் பணம் தரும் மேலதிகக் காப்பும் சேர்த்து மாதம் 3,850 ரூபாய். சம்பள நாளில் வாசலுக்கு வரும் முகவர்தான் ஆளைப் பிடித்தார். தேநீர்க்கடை மேசையில் வைத்து ஆங்கிலப் படிவத்தை மளமளவென்று நிரப்பிவிட்டு, "தம்பி, கையெழுத்த மட்டும் வைங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். வைத்தேன்.

2023இல் எனக்குத் தூக்கம் போனது. அப்புறம் மூக்கும் போனது என்று சொல்லலாம். அரைத்த இலையில் பச்சை வாடை போய்ப் பழவாடை எழும் அந்த நேரத்தைப் பிடிப்பதுதான் என் வேலையே. ஒரு இரவு தூளைக் கையில் அள்ளி முகர்ந்துகொண்டே நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. டிரையர்காரர் வந்து தோளைத் தொட்டபோது ஒரு பாத்தித் தூள் முழுவதும் கறுத்திருந்தது. எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் என் மனைவியைப் பயமுறுத்தியது. அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் மனச்சோர்வு என்றார்கள். எட்டு மாதம் வேலைக்குப் போகவில்லை.

கிளினிக் கொப்பியின் பிரதி, டாக்டர் கடிதம், தோட்டத்துக் கடிதம் என்று கேட்டதையெல்லாம் கொடுத்தேன். மூன்று தடவை கிளைக்கு பஸ் ஏறினேன். கடைசியில் பதிவுத் தபாலில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொன்னாள். காரணம் இரண்டு.

ஒன்று, 'மனநோய், மனக் கோளாறு' ஆகியவற்றால் வரும் இயலாமைக்குக் காப்பு இல்லையாம். பத்திரத்தின் பின்பக்கத்தில், விலக்குகள் என்ற தலைப்பின் கீழ் அது இருக்கத்தான் செய்கிறது. கிளையில் இருந்த பெண், "கை, கால் போயிருந்தா பிரச்சினையில்ல சேர்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை.

இரண்டாவதுதான் என்னை உலுக்கியது. நான் நோயை மறைத்துவிட்டேனாம், பத்திரமே செல்லாமல் போகலாமாம். 2014இல் அப்பா இறந்தபோது தூக்கத்துக்காக இரண்டு முறை டாக்டரிடம் போயிருந்தேன். படிவத்தில் 'தூக்கமின்மைக்கோ மன வருத்தத்துக்கோ வைத்தியம் செய்ததுண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று புள்ளடி. அந்தக் கேள்வியை முகவர் என்னிடம் கேட்கவே இல்லை. அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். புதிய டாக்டரிடம் நானே சொல்லி, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. பிரதி எடுத்துக் கொடுத்ததும் நானேதான்!

காப்புறுதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம் என்று தொழிற்சங்கத்து அண்ணன் ஒருவர் சொன்னார். நிறுவனத்தின் இறுதி முடிவைக் கடிதமாக வாங்கிக்கொண்டு போகவேண்டும். அங்கே கட்டணம் எதுவும் கேட்கவில்லை. படிவத்தில் இருப்பது முகவரின் கையெழுத்தோட்டம் என்று எழுதி, அந்தக் கடிதம், படிவம் இரண்டின் பிரதியையும் சேர்த்து அனுப்பினேன். மறைத்தேன் என்ற பேச்சை நிறுவனம் விட்டுவிட்டது, பத்திரம் ஓடுகிறது. ஆனால் விலக்கு விலக்குத்தான், ஒரு சதமும் கிடைக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டுக் காப்புறுதிக்குப் பயந்து யாரும் கிளினிக்குக்குப் போகாமல் இருக்காதீர்கள். பேசவேண்டும் போலிருந்தால் 1926 இருக்கிறது, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். நான் எழுந்து நடமாடுவது கிளினிக் தந்த மருந்தால்தான். படிவத்தை மட்டும் தமிழில் கேளுங்கள், ஒவ்வொரு கேள்விக்கும் நீங்களே புள்ளடி போடுங்கள், பிரதியை அன்றே வாங்குங்கள். பத்திரம் கைக்கு வந்தபின் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க நாள் தருவார்கள். என்னுடையதில் 21 நாள் என்று இருந்தது. நான் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

போன சம்பள நாளில் அதே முகவர், புதிதாகச் சேர்ந்த ஒரு பையனோடு அதே மேசையில். "விலக்குப் பக்கத்தக் காட்டுங்க அண்ணே" என்றேன். "அதெல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதானே தம்பி, யாரு வாசிக்கிறா" என்று சிரித்தார். பையன் பேனாவை மூடித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பேனா முகவருடையது.