நெஞ்சுக்குள் குடையோடு பாளையங்கோட்டையில் எக்கோ எடுத்த கதை

இந்தத் தடவை ஊரில் ஐந்து வாரம், கொக்கிரகுளத்தில் அக்கா வீட்டில். நான் இருக்கும் நியூ ஜெர்சியில் எக்கோவுக்கு, அதாவது இதய ஸ்கேனுக்கு, தேதி கேட்டால் இரண்டு மாதம் கழித்துத் தருகிறார்கள், சரி, இங்கேயே எடுத்துவிடலாம் என்று பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன்.

முன்கதை: 2017 டிசம்பரில், 42 வயதில் எனக்கு ஸ்ட்ரோக். பிரஷர் இல்லை, சுகர் இல்லை, கழுத்து ரத்தக்குழாய் சுத்தம். தேடித் தேடிக் கடைசியில் பி.எஃப்.ஓ. என்றார்கள். கருவில் இருக்கும்போது எல்லோருக்கும் இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு திறப்பு உண்டு, பிறந்த பிறகு ஒட்டிக்கொள்ள வேண்டும், நாலில் ஒருவருக்குச் சரியாக ஒட்டுவதில்லை. கால் நரம்பில் உருவாகும் சின்ன ரத்தக்கட்டி அந்த வழியாக இடப்பக்கம் தாவினால் நேரே மூளைக்குப் போகலாம். 2018 மார்ச்சில் தொடை இடுக்கு வழியாக ஒரு குழாயை விட்டு, இரண்டு வட்டத் தட்டு மாதிரியான வலையை வைத்து மூடினார்கள். அக்கா அதற்கு வைத்த பெயர்தான் குடை.

ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன் தம்பி சட்டையை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, "தழும்பே இல்லையே அண்ணாச்சி, ஆபரேஷன்னு சொன்னீங்க?" என்றார். நல்ல பிள்ளை, பொறுமையாகப் படம் எடுத்தார். ஆனால் ரிப்போர்ட்டில் ஏ.எஸ்.டி. மூடியது என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஏ.எஸ்.டி. என்றால் சுவரில் சதையே இல்லாத உண்மையான ஓட்டை. என்னுடையது ஒட்டாத கதவு. நாளைக்கு வேறொரு டாக்டர் பார்த்தால் குழம்புவார், மாற்றிக் கொடுங்கள் என்றால், கவுன்டரில் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்கிறார்கள். மூடிய இடத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் பபிள் டெஸ்டுக்கு டாக்டர் வேண்டும், வியாழக்கிழமை வாங்க என்றார்கள். வியாழன் பத்து மணிக்குப் போய் ஒன்றரை மணி வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டோக்கன் கொடுத்தார்கள்தான், அந்த வரிசையில் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

டாக்டர் வந்ததும் எல்லாம் பத்து நிமிஷ வேலை. உப்புத் தண்ணீரையும் கொஞ்சம் காற்றையும் இரண்டு சிரிஞ்சுக்கு நடுவே மாற்றி மாற்றி அடித்து நுரையாக்கி, கை நரம்பில் ஏற்றி, "நல்லா முக்குங்க, இப்ப விடுங்க" என்றார். திரையில் வலது பக்கம் முழுக்க வெள்ளைப் புள்ளி, இடது பக்கம் ஒன்றுகூட வரவில்லை. ரிப்போர்ட்டையும் அவரே பேனாவால் திருத்திக் கையெழுத்துப் போட்டார். எட்டு வருடத்தில் இதுதான் எனக்கு மூன்றாவது பபிள் டெஸ்ட். மற்றபடி தினம் ஒரு ஆஸ்பிரின், அவ்வளவுதான். தொந்தரவு என்றால் ஆரம்பத்தில் ஒன்று: மூடிய மூன்றாவது வாரம் இதயம் தாறுமாறாக அடித்தது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இரண்டு நாளில் அடங்கிவிட்டது. ரெட்யூஸ் என்ற ஆய்வில் மூடியவர்களில் 6.6 சதவீதம் பேருக்கு அது வந்தது, மூடாதவர்களில் 0.4 சதவீதம்தான், பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான்.

இதை வீட்டில் சொல்லப்போக வம்பு வந்தது. அத்தானுக்கு வயது 64, பிரஷர், சுகர், பீடி மூன்றும் உண்டு, போன வருடம் லேசான ஸ்ட்ரோக். அவர் ரிப்போர்ட்டிலும் ஓர் ஓரத்தில் பி.எஃப்.ஓ. என்று இருக்கிறது. யாரோ சில லட்சத்தில் அடைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். "ஏ மாப்ள, உனக்குக் குடை, எனக்கு மட்டும் வெறும் மாத்திரையா?" என்றார்.

நிலத்தை விற்கிற பேச்சு வரை போயிருந்ததால் உட்காரவைத்துப் பேசினேன். இப்படி மூடுவதால் நல்ல பலன் என்று காட்டிய பெரிய ஆய்வுகள் எல்லாம் 60 வயதுக்குள், வேறு எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியாத ஸ்ட்ரோக் வந்தவர்களை வைத்துச் செய்தவை. க்ளோஸ் ஆய்வில் மூடிய 238 பேரில் ஐந்து வருடத்தில் ஒருவருக்கும் மறுபடி ஸ்ட்ரோக் வரவில்லை, மாத்திரை மட்டும் எடுத்த 235 பேரில் 14 பேருக்கு வந்தது. கேட்க அமோகமாக இருக்கும். ஆனால் 980 பேரைக் கிட்டத்தட்ட ஆறு வருடம் பார்த்த ரெஸ்பெக்ட் ஆய்வில் மூடியவர்களில் 18 பேருக்கு, மூடாதவர்களில் 28 பேருக்கு என்றுதான் வந்தது. மூடாதவர்களுக்கே வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்குத்தான் திரும்ப வந்தது. பிரஷரும் பீடியும் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது கதவை அடைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கே இப்போது வயது ஐம்பது தாண்டிவிட்டது, இனி பிரஷர் மாதிரி வேறு காரணத்தால் ஸ்ட்ரோக் வந்தால் குடை அதைத் தடுக்காது.

அத்தான் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருகிற அம்மா வந்தார், 2021இல் ஆரம்பித்த இந்தத் திட்டம் எங்கள் தெருவில் ஒழுங்காகவே நடக்கிறது. கைப்பட்டை கட்டிப் பார்த்தால் அத்தானுக்குப் பிரஷர் 170. "போன மாச மாத்திரையே அப்படியே இருக்கே அண்ணாச்சி" என்றார் அந்த அம்மா. அத்தான் என்னைப் பார்க்காமல் அக்காவிடம் தண்ணீர் கேட்டார்.