பதினாலு மாசம் ஐபோன்: வாய்ப்பேச்சில் வியாபாரம் செய்கிறவன் சொல்வது

ஏர்வாடியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் மச்சான் போன வாரம் கேட்டான். “நீ ஐபோனுக்கு மாறி வருஷம் தாண்டிட்டுல்லா, இப்பம் விலை வேற எறங்கியிருக்கு, நானும் வாங்கிரட்டுமா?” வாட்ஸ்அப்பில் ஒரு வரி பதில் போட உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. அவனுக்கு மட்டும் அனுப்புவதற்குப் பதில் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே போடுகிறேன். கேமரா எத்தனை மெகாபிக்சல், சிப் எது என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும், அதற்குள் போகவில்லை.

எனக்குத் திருநெல்வேலி மாவட்டம் களக்காடு, திருக்குறுங்குடி பக்கம் வாழைத்தார் வியாபாரம். ஏத்தன் (நேந்திரன்) பெரும்பாலும் கேரளாவுக்கு ஏறிவிடும். ரசகதலியும் கோழிக்கூடும் நம்ம ஊர்க் கடைகளுக்குப் போகும். அஞ்சு வருஷம் ஒரு ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தேன். 2024 செப்டம்பரில் ஐபோன் 16 வந்ததும் 15-இன் விலை 79,900-லிருந்து 69,900 ஆனது. தீபாவளிக்கு முந்தின வாரம் 15-ஐ வாங்கினேன். ஸ்ரீபெரும்புதூரிலும் தயாரான மாடல் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் உண்டு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அதில் குறை வைக்கக் கூடாது.

வாழைக் கறை பட்ட கையைப் பார்த்திருக்கிறீர்களா? தார் வெட்டும்போது தண்டிலிருந்து ஒழுகுகிற பால் காய்ந்தால் பழுப்பாகி, பிறகு கருத்துப்போகும். சோப்பு போட்டாலும் போகாது, தேங்காயெண்ணெய் தேய்த்தாலும் பாதிதான் போகும். சீசனில் என் வலது கைப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகையே தெரியாது. பழைய போன் அந்த விரலை என் விரலென்று ஒத்துக்கொள்ளாது. லோடு ஏற்றி நிற்கிற லாரிக்காரருக்குப் பணம் அனுப்ப வேண்டிய நேரத்தில் நாலு தரம் விரலை வைத்துப் பார்த்து, வேட்டியில் துடைத்து, கடைசியில் பின் நம்பர் அடிக்க வேண்டும். இப்போது முகத்துக்கு நேரே பிடித்தால் போதும். தலையில் துண்டு கட்டியிருந்தாலும் திறக்கிறது. விடியக்காலம் அஞ்சு மணிக்குத் தோட்டத்துக்குள் வெளிச்சமே இல்லாமல் நிற்கும்போதும் திறக்கிறது. சாரலில் நனைந்தும் இதுவரை ஒன்றும் ஆகவில்லை. வாங்கும்போது யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. வாழைத்தோட்டத்தில் நிற்கிறவனுக்கு இந்தப் போனின் பெரிய லாபம் இதுதான்.

இன்னொன்று, இடது பக்கம் மேலே இருக்கிற சின்ன சுவிட்ச். தள்ளினால் சத்தம் நின்றுவிடும். துட்டி (சாவு) வீட்டுக்குள் நுழையும்போது சட்டைப் பைக்குள் கையை விட்டு, போனை வெளியே எடுக்காமலே நகத்தால் தள்ளிவிடலாம். லேசாக அதிரும், கைக்குத் தெரிந்துவிடும். நம்பி கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது போன் வருகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வைத்திருந்தால்தான் தெரியும். 16-இல் இந்த சுவிட்சை எடுத்துவிட்டு வேறு பட்டன் வைத்துவிட்டார்கள்.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவில் கிடக்கும் வாட்ஸ்அப் பேக்கப்பை ஐபோனில் அப்படியே இறக்க முடியாது. 2022-லிருந்து மாற்றுவதற்கு வழி இருக்கிறது, ஆனால் புதுப் போனை முதன்முதலில் செட்டப் பண்ணும்போதே செய்ய வேண்டும். கடைப் பையன் அவசரத்தில் செட்டப்பை முடித்துக் கையில் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஆரம்பித்ததில் ஒரு ராத்திரி போனது. இங்கே விற்கிற 15-இல் ஒரு சிம்தான் உள்ளே போகும், இரண்டாவது நம்பரை அட்டையே இல்லாத இ-சிம்மாக மாற்ற வேண்டும். அதற்கு ரெண்டு நாள் அலைந்தேன். 35 டிகிரி வரையிலான வெப்பத்தில் பயன்படுத்தச் சொல்லி ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. நம்ம ஊர் சித்திரை வெயில் 38, 39-ஐத் தொடும். லாரி டேஷ்போர்டில் வைத்தால் திரை மங்கிவிடும், நிழலுக்குக் கொண்டுபோனால் சரியாகும். இதெல்லாம் பழகிப்போனது. பேட்டரியும் நன்றாக இருக்கிறது, நூற்றுக்கு 92 காட்டுகிறது.

பழகாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். கால் ரெக்கார்டிங்.

எங்கள் தொழில் முழுக்க வாய்ப்பேச்சு. எத்தனை தார், கிலோ என்ன விலை, தண்டுக்கு எவ்வளவு கழிவு, வெட்டு என்றைக்கு, அச்சாரம் எவ்வளவு, எல்லாமே போனில் பேசி முடிகிறது. பத்திரம், ரசீது எதுவும் கிடையாது. பழைய போனில், கால் பேசுவதற்கு அந்தக் கம்பெனியின் சொந்த டயலர் இருந்தது. ஒரு தடவை செட்டிங்கில் போட்டு வைத்தால் வருகிற கால், போகிற கால் எல்லாம் தானாகப் பதிவாகும். எதிராளிக்கு எந்தச் சத்தமும் கேட்காது. 2022 மே மாதம் கூகுள் பிளே ஸ்டோரில் ரெக்கார்டிங் ஆப்களுக்குத் தடை வந்தபோதும் என் போனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அது ஆப் இல்லை, போனோடு வந்த வசதி. நாலாயிரத்துக்கு மேல் பதிவு சேர்ந்திருந்தது. எனக்கு அதுதான் கணக்குப் புத்தகம்.

அதை ஊரை ஏமாற்றுவதற்காக வைத்திருக்கவில்லை. ஒரு தடவை நடந்ததைச் சொல்கிறேன். பத்மநேரிப் பக்கம் ஒரு அண்ணாச்சிக்கு அச்சாரம் பதினஞ்சாயிரம் பேசினதாக எனக்கு நினைப்பு. அவர் இருபது என்றார். நான் அடித்துப் பேசினேன். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து தேடி எடுத்துக் கேட்டேன். என் குரலே சொல்கிறது, “இருபது குடுத்துருதேன் அண்ணாச்சி, நீங்க வாழைக்கு முட்டு மட்டும் குடுத்து வையுங்க, காத்து காலம்.” மறுநாள் காலையிலேயே போய் மிச்ச அஞ்சாயிரத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். பதிவு இல்லாமல் இருந்திருந்தால் அவர் பொய் சொல்கிறார் என்றே நான் சாகும்வரை நம்பியிருப்பேன்.

ஐபோனில் அப்போது ரெக்கார்டிங்கே கிடையாது. நான் வாங்கின சில நாளிலேயே, அந்த அக்டோபர் கடைசியில், ஐஓஎஸ் 18.1 அப்டேட்டில் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது திரையில் அதற்கான பட்டனை அமுக்க வேண்டும். மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணும். பிறகு இந்தக் கால் பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு குரல் இங்கிலீஷில் சொல்லும், ரெண்டு பேர் காதிலும் விழும். பதிவு நோட்ஸுக்குள் போய் உட்காரும். தானாகப் பதிய வைக்க முடியாது, ஒவ்வொரு காலுக்கும் அமுக்க வேண்டும். அந்தக் குரலை நிறுத்தவும் வழி கிடையாது. பேச்சை எழுத்தாக்கித் தருகிற வசதியும் கூடவே வந்தது, வந்தபோது அந்த மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை.

2025 ஓணம் செப்டம்பர் 5. அதற்கு மூணு வாரம் முன்னாலிருந்தே ஏத்தனுக்கு விலை ஏறிக்கொண்டிருந்தது. பச்சையாற்றுப் பாசனத்தில் ஒரு பெரியவருக்கு அறுநூறு தார் விளைந்து நின்றது. சொந்தம் இல்லை, ஆனால் என் அப்பா காலத்திலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுவேன். விலை தினமும் மாறுகிற நேரம், பின்னால் பேச்சு வரக் கூடாதென்று பட்டனை அமுக்கினேன்.

குரல் சொன்னது. அந்தப் பக்கம் மாமா நிறுத்திவிட்டார்.

“யாருய்யா அது நடுவுல?”

“யாருமில்ல மாமா, போன்ல ஒரு செட்டிங்கு.”

“என்ன செட்டிங்கு? பதியுதா?”

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “ஆமா மாமா, கணக்குக்காவ.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பம்புசெட் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“உங்க அப்பனுக்கு முப்பது வருஷம் வாயால சொல்லி வாழை குடுத்தேன். ஒரு நாளு மாத்திப் பேசிருக்கனா? நீ பதிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் என்கிட்ட பேசணுமாய்யா?”

வைத்துவிட்டார். அறுநூறு தாரும் வேறொரு வியாபாரிக்குப் போனது. பணம் போனது ஒரு பக்கம். ரெண்டு மாசத்துக்குத் தெருவில் பார்த்தாலும் முகம் கொடுக்கவில்லை.

அன்றைக்கு இந்தப் போன் மேல் வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். பழைய போனில் அதே மாமாவின் பேச்சை மூணு வருஷம் அவருக்குத் தெரியாமல் பதிந்து வைத்திருந்தேன். அது அவருக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? எதிராளியிடம் சொல்லிவிட்டுப் பதிவது சரியில்லை என்று நான் சொல்ல மாட்டேன். என் குரலை யாராவது சொல்லாமல் பதிந்தால் எனக்கும் பிடிக்காது. இவ்வளவும் தெரிந்துதான் சொல்கிறேன். அந்தக் குரல் தமிழில், “ஐயா, கணக்குக்காகப் பதிகிறோம்” என்று சொல்லியிருந்தால் மாமா சிரித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்திருப்பார். புரியாத பாஷையில் யாரோ ஒருத்தி நடுவில் நுழைந்ததுதான் அவரைத் தைத்தது. தமிழ்நாட்டில் தயாரித்து, தமிழ்நாட்டில் விற்கிற போன் தமிழனிடம் இதைத் தமிழில் சொல்ல முடியாதா?

இப்போது வேறு வழி வைத்திருக்கிறேன். பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுகிறேன். “பேசினபடி: ஏத்தன் 400 தார், கிலோ 42, அச்சாரம் 10,000, வெட்டு சனிக்கிழமை.” ஐபோனிலேயே தமிழ்99 விசைப்பலகை உண்டு. அதில் க-வை ரெண்டு தரம் தட்டினால் க்க, ண-வும் ட-வும் தட்டினால் ண்ட, புள்ளி தானாக விழும். வேகமாக அடித்துவிடலாம். பெரியவர்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் வாசித்துச் சொல்லிவிடுகிறார்கள். சிலர் பதிலுக்கு “சரி” என்று குரல் செய்தி போடுகிறார்கள், அது எனக்குப் போதும். ஒரு நாளைக்கு இருபது தரம் இப்படி எழுதுவது கூடுதல் வேலைதான். லோடு ஏறுகிற நேரத்தில் மறந்தும் போகிறது. மறந்த நாளில்தான் வில்லங்கம் வரும்.

அதனால் ஆண்ட்ராய்டுக்கே திரும்பிவிடலாமென்று போன மாசம் பாளையங்கோட்டையில் ரெண்டு கடை ஏறி இறங்கினேன். போன இடத்தில்தான் ஒன்று தெரிந்தது. ஆண்ட்ராய்டு என்றாலே சத்தமில்லாமல் பதியும் என்பது பழைய கதை. கூகுள் டயலர் போட்டு வருகிற போன்களில், பதிய ஆரம்பித்ததும் அங்கேயும் ரெண்டு பக்கமும் அறிவிப்பு கேட்கும். கம்பெனி தன் சொந்த டயலர் வைத்திருக்கிறதா, அதில் தானாகப் பதிகிற வசதி இருக்கிறதா என்று மாடல் மாடலாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடைக்காரரைக் கேட்டால் “எல்லாத்துலயும் இருக்கு அண்ணாச்சி” என்பார். கையில் எடுத்துப் பார்த்தால் இருக்காது. ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

போன வாரம் மாமா அவராகவே கூப்பிட்டார். ரசகதலி இருநூறு தார் நிற்குதாம். நான் பட்டன் பக்கமே விரலைக் கொண்டுபோகவில்லை. பேசி முடித்துவிட்டுச் சிட்டையில் எழுதிக்கொண்டேன். அவருக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பவில்லை.

என் ஐபோனை நான் விற்கப் போவதில்லை. அந்த முகம் பார்த்துத் திறப்பதையும் சுவிட்சையும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஆனால் மச்சான், உனக்கு இது வேண்டாம். உனக்கு ஒரு நாளைக்கு நூறு டிரைவர் பேசுவான். வாடகை எவ்வளவு சொன்னோம், டீசலுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று ஒவ்வொருத்தனிடமும் தகராறு வரும். உனக்குப் பதிவு இல்லாமல் ஆகாது. எந்தப் போனாக இருந்தாலும் கடையிலேயே உன் சிம்மைப் போட்டு எனக்கு ஒரு கால் அடி. பேசிக்கிட்டே ரெக்கார்டை அமுக்கு. நடுவுல ஏதாவது குரல் கேக்குதா இல்லையான்னு நான் இந்தப் பக்கம் இருந்து சொல்லுதேன், அதுக்கப்புறம் பணத்தைக் குடு.