ஆந்த்ரே பொம்மை: கை அற்புதம், கணுக்கால் தளர்ச்சி

பொம்மை வந்து மூன்று வாரம் ஆகிறது. விலை 4,200 ரூபாய். மல்யுத்த வீரர் ஆந்த்ரே தி ஜெயன்ட், கறுப்பு நிற ஒற்றைத்தோள் உடையில், 1987 தோற்றம். பெட்டியைப் பிரித்ததும் ஸ்கேலைத்தான் எடுத்தேன். இந்த வரிசைப் பொம்மைகளுக்கு ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. ரிங்கில் ஆந்த்ரேவின் உயரமாக அறிவிக்கப்பட்டது 7 அடி 4 அங்குலம். அப்படியென்றால் பொம்மை ஏழேகால் அங்குலத்தைக் கொஞ்சம் தாண்ட வேண்டும். தாண்டுகிறது. என்னிடம் ஏற்கெனவே இருந்த, அவரோடு மோதிய வீரர் ஹல்க் ஹோகனின் பொம்மையைப் பக்கத்தில் நிறுத்தினால், அவர் உச்சந்தலை ஆந்த்ரேவின் உதட்டருகில்தான் வருகிறது.

ஆனால் இவ்வளவு காசு கொடுத்து வாங்கியது உயரத்துக்காக இல்லை, கைக்காக. மலிவுப் பொம்மைகளில் சாதாரண உடம்பையே இழுத்து நீட்டிவிட்டு அதே சின்னக் கையை ஒட்டிவிடுவார்கள். இதில் கையைத் தனியாக வார்த்திருக்கிறார்கள். விரல்கள் உருண்டு, கணுவுக்குக் கணு தடித்து, உள்ளங்கை முறம் மாதிரி அகன்று இருக்கிறது. ஆந்த்ரே பீர் கேனைப் பிடித்திருக்கும் புகைப்படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கேன் அந்தக் கைக்குள் தீப்பெட்டி போலக் கிடக்கும். வெள்ளி டாலர் நாணயம் அவர் மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வந்துவிடும் என்று சொல்வார்கள்.

மோதிரம் என்றதும் எனக்கு மாமா ஞாபகம்தான். அம்மாவின் தம்பி. ஒருநாள் அவருடைய கல்யாண மோதிரம் கழலவில்லை. சோப்புப் போட்டும் வரவில்லை, கடைசியில் நகைக்கடையில் வெட்டித்தான் எடுத்தார்கள். செருப்பு 8-லிருந்து 10 ஆகியிருந்தது. வயசானால் கால் அகலும் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். வேறு எதற்கோ பார்க்கப் போன டாக்டர்தான், “பழைய போட்டோ இருந்தா கொண்டு வாங்க” என்றார். கல்யாண ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாமாவின் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். புருவ எலும்பு முன்னால் வந்திருந்தது. தாடை நீண்டிருந்தது. தினமும் பார்த்த எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி, அதிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் நிற்காமல் சுரக்கிறது. பெயர் அக்ரோமெகலி. மாமாவுக்கு மூக்கு வழியாகவே அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

ஆந்த்ரேவுக்கும் இதே நோய்தான். அவருக்கு எலும்பு முற்றுவதற்கு முன்பே, சின்ன வயதிலேயே தொடங்கிவிட்டதால் ஆளே அப்படி வளர்ந்தார். இந்த நோய்க்கு அவர் அறுவை சிகிச்சை செய்துகொள்ளவில்லை.

அதனால்தான் இந்தப் பொம்மையின் முகம் எனக்கு முக்கியம். அழகுபடுத்துகிறேன் என்று புருவ மேட்டைத் தேய்த்து, தாடையைச் சின்னதாக்கும் வேலையை இவர்கள் செய்யவில்லை. கனத்த உதடு, அகன்ற மூக்கு, உள்ளே போன கண் எல்லாம் உள்ளபடி இருக்கின்றன. பெயின்ட் வேலையும் சுத்தம்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1986-இல் ஆந்த்ரேவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டுதான் ரிங்கில் ஏறினார். அந்தப் பட்டையை மறைக்கத்தான் இந்த ஒற்றைத்தோள் உடை. சிற்பி இதைத் தெரிந்தே செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன், இடுப்புப் பகுதி ஒரே உருளையாக, துணிக்குள் ஏதோ கட்டியிருப்பது போலவே இருக்கிறது. இந்த உடையில்தான் ஹோகனோடு மோதினார்: 1987 மார்ச் 29, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் பான்டியாக், சில்வர்டோம் மைதானம். கூட்டம் 93,173 பேர் என்று அறிவித்தார்கள். ஆட்டம் தொடங்கியதுமே ஹோகன் அவரைத் தூக்கப் பார்த்து, தாங்க முடியாமல் சரிந்து அடியில் விழுவார். பிற்பாடு தூக்கிப் போட்டுவிடுவார். ஆந்த்ரேவின் எடையாக அறிவித்தது 236 கிலோ. அவராக இசைந்து கொடுக்காமல் அந்த உடம்பை யாரும் அசைத்திருக்க முடியாது. முதுகு அந்த நிலையில் இருக்கும்போது, அவ்வளவு உயரத்திலிருந்து விழச் சம்மதித்தாரே, அவருடைய பலம் என்றால் எனக்கு அதுதான். பள்ளிக்கூடத்தில் டிரம்ப் கார்டு வைத்து உயரம், எடை, பைசெப்ஸ் என்று மோதிக்கொண்ட காலத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது.

குறை இல்லாமல் இல்லை. பெட்டியின் பின்பக்கம் ஊர் கிரெனோபிள், பிரெஞ்சு ஆல்ப்ஸ் என்று போட்டிருக்கிறது. அது ரிங் அறிவிப்புக்காகச் சொன்னது. அவர் வளர்ந்தது பாரிசுக்குக் கிழக்கே மோலியன் என்ற குக்கிராமத்தில், விவசாயக் குடும்பம், அப்பா பல்கேரியர், அம்மா போலந்துக்காரர். இதை ஒரு வரியில் அச்சிட்டிருக்கலாம். சாம்பியன் பெல்ட் கொடுக்கவில்லை. அது சரிதான், 1988 பிப்ரவரியில் ஜெயித்த பெல்ட்டை அவர் அங்கேயே டெட் டிபியாசி என்ற இன்னொரு வீரரிடம் கொடுத்துவிட்டார்.

பெரிய குறை கணுக்கால். மேல் உடம்பின் கனத்துக்கு அந்த மூட்டு போதவில்லை, இரண்டாம் நாளே முன்னால் சாயத் தொடங்கிவிட்டது. மூட்டில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தேன், ஓரளவு நிற்கிறது. இப்போது என் பொம்மை ரிங்கின் மூலையில், கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறது. கடைசி ஆண்டுகளில் ஆந்த்ரேவும் ஆட்டத்தின் நடுவே அப்படித்தான் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். 1993 ஜனவரியில் பாரிஸ் ஹோட்டல் அறையில் தூக்கத்திலேயே இறந்தபோது வயது 46. அப்பாவின் இறுதிச் சடங்குக்காக ஊருக்குப் போன இடத்தில்.

அடுத்து 1970களின் ஆந்த்ரேவைக் கொண்டுவந்தால் கண்டிப்பாக வாங்குவேன். சுருள்முடியோடு, எகிறி இரண்டு காலாலும் உதைக்கும் டிராப்கிக் அடித்த காலத்து ஆள். வாங்க நினைப்பவர்கள் முடிந்தால் கடைக்கே போய்க் கணுக்காலை அசைத்துப் பார்த்து வாங்குங்கள்.

போன ஞாயிறு மாமா வந்திருந்தார். பொம்மையைக் கையில் எடுத்து, முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் திருப்பிப் பாதத்தைப் பார்த்தார். “இவருக்கெல்லாம் செருப்பு எங்கடா கிடைச்சிருக்கும்?” என்று கேட்டார்.