இடையிடையே ஒலி அறுபடும் சரவுண்ட் அமைப்பு: ஒரு பயன்பாட்டு மதிப்பாய்வு

தொலைக்காட்சிக்கு அடியில் வைக்கும் நீண்ட சவுண்ட்பார், தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளுக்கான கம்பியில்லா சப்வூஃபர், பின்பக்கத்துக்கான இரண்டு கம்பியில்லா ஸ்பீக்கர்கள் என நான்கு பொருள்களாக வரும் 5.1.2 வகைத் (சுற்றொலிக்கு ஐந்து தடங்கள், சப்வூஃபருக்கு ஒன்று, மேலிருந்து வரும் ஒலிக்கு இரண்டு) தொகுப்பு ஒன்றைப் பற்றியது இந்த மதிப்பாய்வு. தயாரித்த நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இதே கட்டமைப்பில் வேறு பெயர்களில் விற்கப்படும் தொகுப்புகளிலும் இதே குறைகள் எழ இடமிருப்பதால், ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டி மற்றவற்றுக்கு நற்சான்று கொடுத்ததுபோல் ஆகிவிடக்கூடாது.

ஒலித்தரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஏனெனில் அது நன்றாகவே இருக்கிறது. வசனம் திரையின் நடுவிலிருந்து தெளிவாக வருகிறது. மேல்நோக்கிப் பொருத்தப்பட்ட இரண்டு ஸ்பீக்கர்களின் ஒலி கூரையில் பட்டுத் திரும்புவதால், தட்டையான, மிக உயரமில்லாத கூரை உள்ள அறையில் மழைக்காட்சிகள் தலைக்கு மேலே பெய்வதாகவே தோன்றுகின்றன. சப்வூஃபர் சற்றே மிகைப்படுத்துகிறது. இரண்டு படி குறைத்து வைத்தால் சரியாகிவிடும். இத்தனை இருந்தும் இந்தத் தொகுப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்க முடியாமல் செய்வது ஒரே ஒரு விஷயம்: படம் தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே அரை நொடியோ இரண்டு நொடியோ ஒலி மட்டும் அறுபட்டு, எதுவும் நடக்காததுபோல மீண்டும் வந்துவிடுகிறது. கடையில் பத்து நிமிடம் கேட்டுப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

இத்தகைய அறுபடலை ஒரே கோளாறாக எண்ணிக்கொண்டு கேபிளை மாற்றுவதும், எல்லாவற்றையும் அணைத்துப் போடுவதும் வீண் வேலை. ஒரே அறிகுறியைக் காட்டும் வெவ்வேறு காரணங்கள் இவை. அவற்றைப் பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும். அறுபடும்போது எல்லா ஸ்பீக்கர்களும் அடங்குகின்றனவா, பின்பக்கமோ சப்வூஃபரோ மட்டும் அடங்குகிறதா என்பது முதல் கேள்வி. அதே காட்சியைப் பத்து நொடி பின்னோக்கி நகர்த்தி மீண்டும் ஓட்டினால் அதே இடத்தில் அறுபடுகிறதா என்பது இரண்டாவது. அதே இடத்தில் திரும்பவும் அறுபட்டால் ஒலிக்கோப்பிலோ அதன் வடிவ மாற்றத்திலோ தேட வேண்டும். இடம் மாறிக்கொண்டே இருந்தால் இணைப்பில் தேட வேண்டும். விற்பனைக்குப் பிந்தைய சேவைப் பிரிவினர் இந்தக் கேள்விகளைக் கேட்காமல், எடுத்த எடுப்பிலேயே கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பச் சொன்னார்கள். அதனால் செய்துவைத்திருந்த அமைப்புகள் அழிந்தன; காரணம் தெரியவில்லை.

முதலில், எல்லா ஸ்பீக்கர்களும் ஒருசேர அடங்கும் வகையைப் பார்ப்போம். விளம்பரம் முடிந்து நிகழ்ச்சி தொடங்கும் இடத்திலோ, ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதோ, அடுத்த அத்தியாயம் தானாகத் தொடங்கும்போதோ இது நிகழ்ந்தால், பெரும்பாலும் அது பழுது அன்று. விளம்பரம் இருதட (ஸ்டீரியோ) ஒலியாகவும் நிகழ்ச்சி பலதட ஒலியைச் சுருக்கி அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் ஆகவும் வரும்போது, சவுண்ட்பார் புதிய வடிவத்தை இனங்கண்டு, சுருக்கிய தரவை அவிழ்க்கும் அதற்குரிய டிகோடரை இயக்கியாக வேண்டும். அதுவரை அது ஒலியை அடக்கிவைக்கிறது. அடக்காவிட்டால், சுருக்கப்பட்ட தரவை அப்படியே ஒலியென எண்ணி வாசித்து, காதைப் பிளக்கும் இரைச்சலை எழுப்பிவிடும். ஆகவே இந்த மௌனம் தேவையானதுதான். எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதில்தான் ஒரு கருவியின் தரம் தெரிகிறது. நல்ல ரிசீவர்களில் (தனித்தனி ஸ்பீக்கர்களைக் கம்பிவழி இயக்கும் பெட்டிகள்) ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் இந்த வேலைக்கு இந்தத் தொகுப்பு இரண்டு நொடி எடுத்துக்கொள்கிறது. அதனால் நிகழ்ச்சியின் முதல் வசனம் அடிக்கடி காணாமற்போகிறது.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு: எல்லா ஒலியையும் ஒரே வடிவத்தில் அனுப்பும்படி, ஒலி புறப்படும் இடத்திலேயே அமைத்துவிடுவது. தொலைக்காட்சியின் டிஜிட்டல் ஒலி வெளியீட்டைப் பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) என்று மாற்றினால் வடிவ மாற்றமே நிகழாது; அறுபடலும் நின்றுவிடும். ஆனால் இந்த ஆலோசனையை அப்படியே பின்பற்றுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொலைக்காட்சியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே சவுண்ட்பாருக்கு அனுப்புவதற்காக 2009-இல் எச்டிஎம்ஐ 1.4 தரத்துடன் வந்த ஆர்க் இணைப்பில் பிசிஎம் ஒலி இரண்டு தடங்களில் மட்டுமே செல்லும். அறுபடல் நிற்கும், கூடவே சரவுண்டும் போய்விடும். 2017-இல் எச்டிஎம்ஐ 2.1 தரத்துடன் அறிவிக்கப்பட்ட, அதன் மேம்பட்ட வடிவமான இஆர்க் இணைப்பில்தான் பலதடப் பிசிஎம் ஒலி முழுமையாகச் செல்ல முடியும். அதிலும் தொலைக்காட்சி பலதட ஒலியை அவிழ்த்து அனுப்புகிறதா, இருதடமாகச் சுருக்கிவிடுகிறதா என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். ஆப்பிள் டிவி 4கே போன்ற பெட்டிகள் ஒலியைத் தாமே அவிழ்த்துப் பிசிஎம்மாக அனுப்புவதால், அவற்றைப் பயன்படுத்துவோருக்கு இந்தத் தொல்லை குறைவு. சோதிக்கும் வரை பிசிஎம்மில் வைத்து, காரணம் உறுதியானபின் பழைய அமைப்புக்கே திரும்பி, முதல் வசனத்தை இழப்பதா சரவுண்டை இழப்பதா என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச்செய்யும் டால்பி அட்மாஸ் கலவைக்காகவே இத்தகைய தொகுப்பை வாங்கியவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க மாட்டார்.

ஒலியோடு படமும் கறுத்துப் போனால் காரணம் வேறு. படத்தின் நொடிக்கான சட்ட எண்ணிக்கைக்கு ஏற்பத் திரையை 60 ஹெர்ட்ஸிலிருந்து 24 ஹெர்ட்ஸுக்கு மாற்றும் வசதி இயங்கியிருந்தால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எச்டிஎம்ஐ இணைப்பு புதிதாகப் பேசி முடித்தாக வேண்டும். நகல்தடுப்புச் சரிபார்ப்பும் மறுபடி நடக்கும். தொடக்கத்தில் ஒருமுறை நிகழ்ந்தால் விட்டுவிடலாம். படத்தின் நடுவில் நிகழ்ந்தால் கேபிளையோ செருகுமுனையையோ சந்தேகிக்க வேண்டும்.

கேபிளைப் பற்றி விற்பனையாளர்கள் சொல்வதில் பாதியை மறந்துவிடலாம். இஆர்க் ஒலி, கேபிளின் 14-ஆம், 19-ஆம் முனைகளுக்குரிய கம்பிகளின் வழியே செல்கிறது. படத்துக்கான அதிவேகத் தடங்களோடு அதற்குத் தொடர்பில்லை. அதன் உச்சத் திறன் நொடிக்கு 37 மெகாபிட்; டால்பி ட்ரூஎச்டி வடிவம் அதிகபட்சமாகக் கேட்பது 18 மெகாபிட். எனவே தங்க முலாம் பூசிய விலையுயர்ந்த கேபிள் ஒலிக்கு எதையும் கூட்டித் தராது. ஈதர்நெட் வசதியுள்ள சாதாரண எச்டிஎம்ஐ கேபிளே போதும். மாறாக, நீண்ட தூரத்துக்கென விற்கப்படும் ஒளியிழைக் கேபிள்களில் இந்த இரு கம்பிகளின் வேலை சில மாதிரிகளில் சரியாக நடப்பதில்லை. அத்தகைய கேபிளைச் சவுண்ட்பாருக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே போடுமுன் இஆர்க் ஆதரவு உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும். இந்தத் தொகுப்போடு வரும் குட்டையான கேபிளில் குறையொன்றும் இல்லை. தொலைக்காட்சி எந்த இணைப்பில் இயங்குகிறது என்பதைச் சவுண்ட்பாரின் முகப்பிலேயே காட்டுவது பாராட்டத்தக்கது: இஆர்க் என்று இருந்த எழுத்து நடுவில் ஆர்க் என்று மாறினால், இணைப்பு தளர்ந்து மறுபடி பேசிக்கொள்கிறது என்பது உடனே தெரிந்துவிடுகிறது.

இனி, பின்பக்க ஸ்பீக்கர்களோ சப்வூஃபரோ மட்டும் அறுபடும் வகை. இந்தத் தொகுப்பின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது. வலைவழிப் படங்கள் வை-ஃபையில் தடையின்றி ஓடும்போது, சில அடி தூரத்தில் உள்ள ஸ்பீக்கருக்கு ஒலி போய்ச் சேராதது விந்தையாகத் தோன்றலாம். படத்தை இறக்கும் செயலி பல நொடிகளுக்கான தரவை முன்கூட்டியே சேமித்துவைக்கிறது. இடையில் ஒரு பகுதி தொலைந்தால் திரும்பக் கேட்டுப் பெற அதற்கு நேரமுண்டு. பின்பக்க ஸ்பீக்கரோ உதட்டசைவோடும் முன்பக்க ஒலியோடும் ஒத்துப்போக வேண்டியிருப்பதால், மிகச் சிறிய இருப்பை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். அந்த இருப்புக்குள் தொலைந்த பகுதி மறுபடி வந்துசேராவிட்டால் மௌனம்தான். கைக்கும் வாய்க்குமாக நடக்கும் குடித்தனம் இது; ஒருநாள் கூலி தவறினால் அடுப்பு எரியாது.

இந்தத் தொகுப்பு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. வீட்டு ரவுட்டரும் அதே அலைவரிசையைத்தான் பயன்படுத்துகிறது. பெரும்பாலான நாடுகளில் 52 முதல் 144 வரையிலான சேனல்களில் (அந்த அலைவரிசையின் எண்ணிட்ட உட்பிரிவுகள்) ரேடாரின் சமிக்ஞை தென்பட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு விலகியாக வேண்டும் என்பது விதி. தானியங்கி முறையில் விடப்பட்ட ரவுட்டர், அவ்வாறு விலகும்போதோ நெரிசலைத் தவிர்க்க முயலும்போதோ, ஸ்பீக்கர்கள் இயங்கும் இடத்துக்கே வந்துவிடக்கூடும். ரவுட்டரை 36 முதல் 48 வரையிலான ஏதேனும் ஒரு சேனலில் நிலைநிறுத்திப் பார்த்து, அறுபடல் தொடர்ந்தால் 149-க்கு மாற்றிப் பார்ப்பதுதான் இதற்கு எளிய பரிகாரம். எனக்குப் பின்பக்க அறுபடல் பெருமளவு குறைந்தது இந்த ஒரு மாற்றத்தால்தான். ஆனால் இந்த வேலையைச் செய்ய வேண்டியது ரவுட்டர் அன்று. ஸ்பீக்கர்கள் எந்தச் சேனலில் இயங்குகின்றன என்பதைத் தொகுப்பின் செயலி காட்டுவதுமில்லை, மாற்ற இடம் கொடுப்பதுமில்லை. இவ்வளவு விலையுள்ள கருவியில் இதை மன்னிக்க இயலாது.

ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது என்பதும் இதில் அடங்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரையும் மனித உடலையும் ஊடுருவுவதில் வலுவற்றவை. சவுண்ட்பாருக்கும் பின்பக்க ஸ்பீக்கருக்கும் நடுவே சோபாவில் நான்கு பேர் நெருக்கி அமர்ந்தால் அறுபடல் கூடுவது இதனால்தான். ஸ்பீக்கரைக் காதளவு உயரத்துக்குச் சற்று மேலே ஏற்றி வைத்தால் ஒலிக்கும் நல்லது, அலைக்கும் நல்லது. சவுண்ட்பாரை உலோக அலமாரிக்குள் நுழைத்து வைப்பது எந்நிலையிலும் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் தொகுப்புகளை வைத்திருப்போருக்கு வேறு பகைவர்கள் உண்டு: மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் கருவிகள், பலர் எண்ணிப் பார்க்காத யுஎஸ்பி 3.0 வன்தட்டு. யுஎஸ்பி 3.0 இணைப்பிலிருந்து கசியும் மின்னிரைச்சல் அந்த அலைவரிசையிலும் பரவுவதால், தொலைக்காட்சியின் பின்னால் செருகிய வன்தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தாலே சிலருக்குத் தொல்லை தீர்ந்துவிடும்.

சப்வூஃபர் மட்டும் அடங்குவதில் இன்னொரு காரணமும் உண்டு. அதை அலைத்தடங்கலாக எண்ணிவிடக்கூடாது. மின்சாரத்தைச் சேமிப்பதற்காக, சில நிமிடங்கள் தாழ்ந்த அதிர்வெண் ஒலி எதுவும் வராவிட்டால் அது உறங்கிவிடுகிறது. நீண்ட உரையாடலுக்குப் பின் வரும் முதல் இடியோசை காற்றில்லாத பந்துபோல் சப்பென்று இறங்கி, இரண்டாவது இடி மட்டும் அறையை அதிரவைத்தால் காரணம் இதுவே. தனியாக விற்கப்படும் பல சப்வூஃபர்களின் பின்புறத்தில் தானியங்கி, எப்போதும் இயக்கம் என்று தேர்ந்தெடுக்கும் விசை இருக்கும். இதில் விசையும் இல்லை, செயலியில் அதற்கான தெரிவும் இல்லை. ஒலியளவை ஓரளவு கூட்டி வைத்துக் கேட்போருக்கு இது அரிதாகவே நேரும். இரவில் மெதுவாக வைத்துக் கேட்பவர்தான் அவதிப்படுவார்.

கணினியை இணைப்போருக்கு ஒரு சொல். ஒலி எதுவும் இல்லாதபோது கணினி ஒலித்தரவை அனுப்புவதையே நிறுத்திவிடுவதுண்டு. அடுத்த ஒலி தொடங்கும்போது சவுண்ட்பார் மறுபடி விழித்தெழ நேரமாகி, முதல் அசை விழுங்கப்படும். இதற்கு இந்தத் தொகுப்பைக் குறைசொல்ல மாட்டேன்.

எங்கே கோளாறு என்பது அப்போதும் பிடிபடாவிட்டால், தொலைக்காட்சியை முற்றிலும் விலக்கிவிட்டு, புளூடூத் வழியாகவோ யுஎஸ்பி வழியாகவோ நேரடியாகச் சவுண்ட்பாரில் ஒரு மணி நேரம் இசை கேட்டுப் பாருங்கள். பின்பக்க ஸ்பீக்கர்களும் ஒலிக்கும் முறையில் வைத்துக் கேட்பது அவசியம். அப்போதும் அறுபட்டால் குற்றம் தொகுப்பினுடையது. அறுபடாவிட்டால் தொலைக்காட்சியையும் அதன் அமைப்புகளையும் நோக்கித் திரும்பலாம். ஃபர்ம்வேர் (கருவிக்குள் இயங்கும் மென்பொருள்) புதுப்பிப்பை இதற்குப் பிறகு செய்வதே நல்லது. முதலிலேயே செய்தால், எது எதைச் சரிசெய்தது என்பது தெரியாமற்போகும். அண்மைப் புதுப்பிப்பால் வடிவ மாற்றத்தின்போதான மௌனம் சற்றே குறைந்தது. கம்பியில்லா இணைப்பில் மாற்றமில்லை.

தனி வீட்டில், அண்டை வீட்டு ரவுட்டர்களின் நெரிசல் இல்லாமல் வாழ்பவருக்கு இந்தத் தொகுப்பு நல்ல கொள்முதலே. அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்து, இருபது முப்பது வை-ஃபை பெயர்கள் பட்டியலில் தெரிகிற நிலையில் இருப்பவர், கம்பி இழுக்கும் சிரமத்தைப் பொறுத்துக்கொண்டு ரிசீவரும் கம்பி ஸ்பீக்கர்களும் வாங்குவது மேல். அதற்கு மனமில்லையென்றால், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள், அண்டை வீட்டார் அனைவரும் வலைவழிப் படம் பார்க்கும் வார இறுதி இரவொன்றில், மெல்லிய ஒலியளவில் முழுப் படம் ஒன்றை இந்தத் தொகுப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அட்டைப்பெட்டியை எறிவதா வைத்திருப்பதா என்று முடிவு செய்யுங்கள்.