கோதம்பு ஏறாத மில்லும் 210 ரூபாய் கிறிஸ்துமஸ் கேக்கும்

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்குப் போகும் பெருஞ்சாலையை விட்டு இறங்கும் ஒரு சந்தில், பெண்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய அரிசி மில் இருக்கிறது. வாசலில் பலகை கிடையாது. மாவு இடிக்கும் மெஷினின் சத்தமும் உருளியில் மாவு வறுபடும் மணமும்தான் அடையாளம். சென்ற டிசம்பரில் இரண்டு முறை அங்கே வறுத்த அரிசி மாவு வாங்கி, பண்டிகைக்கு வந்தவர்களுக்கு கேக் செய்தேன். கோதுமையை ஒதுக்க வேண்டிய வீடுகளுக்கு அந்த மில் எவ்வளவு பெரிய உதவி என்பதையும், அதன் மாவில் எனக்குக் குறையாகப் பட்டதையும் எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்திலிருந்து வரும் என் தங்கை மகளுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் வயிற்றுக்குள் போனால், அந்த நோய் உள்ளவர்களின் நோயெதிர்ப்பு ஆற்றலே அவர்களுடைய சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதுதான் அதற்குரிய சிகிச்சை. ஒரு துளிதானே என்று கண்ணை மூடிக்கொள்ள இதில் இடமில்லை. அவளோடு சர்க்கரை நோயுள்ள மாமனாரும், முட்டையைத் தொடாத பக்கத்து வீட்டுக் குடும்பமும் எங்கள் மேசையில் இருந்தார்கள். டிசம்பர் பிறந்ததும் எல்லைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் பேக்கரிகளில் பிளம் கேக் பெட்டிகள் அடுக்கடுக்காக உயரும். மைதாவும் முட்டையும் வெண்ணெயும் சேர்ந்த அந்த கேக்கில் ஒரு துண்டுகூட அந்தக் குழந்தைக்கு ஆகாது. குளூட்டன் இல்லாத கேக்குக்கு நகரத்துக் கடை ஒன்றில் விலை கேட்டபோது அரைக் கிலோ 700 ரூபாய் என்றார்கள்.

அரிசி மாவில் நாமே செய்தால் போதுமே என்று அதற்கு முந்தைய ஆண்டு நானும் நினைத்தேன். நல்ல பச்சரிசியைக் கழுவி உலர்த்தி, வழக்கமாகப் போகும் மில்லில் கொடுத்துத் திரித்து வந்து, கையோடு பலகாரம் செய்தேன். சாப்பிட்ட இரவே குழந்தைக்கு வயிற்றுவலி தொடங்கி இரண்டு நாள் சுருண்டு படுத்துவிட்டாள். எனக்கு முன்னால் ஒருவர் ஐந்து கிலோ கோதுமை திரித்துப் போயிருந்தார் என்பது பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது. ஒரு தானியத்தைத் திரித்த மெஷினின் கல்லிலும் குழலிலும் துணிப்பையிலும் தங்கிய மாவு அடுத்து வருபவரின் மாவோடுதான் இறங்கும்; தட்டித் துடைப்பதால் அது முழுவதும் போய்விடாது. செய்முறை எத்தனை கவனமாக இருந்தாலும், மில்லில் தவறினால் அத்தனையும் வீண் என்பதை அந்த இரண்டு நாட்களில் கற்றுக்கொண்டேன்.

ஆகவே களியக்காவிளை மில்லுக்குள் நுழைந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி கோதுமையைப் பற்றியதுதான். உருளியின் முன்னால் நின்று மாவைக் கிளறிக்கொண்டிருந்த மூத்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "மக்களே, கோதம்பு இந்தப் படி ஏறாது. கேட்டு வாறவங்களையும் திருப்பித்தான் அனுப்புவோம். பொடி வேணுமா, தரி வேணுமா?" என்றார். பொடி என்றால் இடியாப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் உரிய நைசு மாவு. தரி என்றால் புட்டுக்குரிய குருணை. அரிசியை ஊறவைத்து வடித்து, ஈரத்தோடு இடித்து, சலித்து, பிறகு வறுக்கிறார்கள். வறுப்பதை நான் அருகிலேயே நின்று பார்த்தேன். கட்டிகட்டியாக இருந்த ஈர மாவு மெல்ல மெல்ல உதிர்ந்து, ஆவி அடங்கி, கையில் எடுத்துப் பிடித்தால் மணல்போல வழுகும் பக்குவத்தில் உடனே துணியில் கொட்டி ஆற விடுகிறார்கள். நிறம் மாற விடுவதில்லை. மிளகாயும் மல்லியும் திரிக்க அடுத்த அறையில் வேறு மெஷின் வைத்திருக்கிறார்கள் என்பதால் மாவில் காரநெடி இல்லை.

இந்த மாவின் அருமை கேக்கில்தான் தெரிந்தது. மைதாவில் மாவைப் பிடித்து, உள்ளே எழும் காற்றை அடைத்துவைப்பது குளூட்டன். அரிசியில் அது இல்லாததால் கேக் உதிர்ந்து போகும். அதற்கு நம் ஊர் ஆப்ப மாவில் இருக்கும் பழைய வழியே கைகொடுத்தது. இரண்டு கரண்டி தரியை அரைத் தம்ளர் தண்ணீரில் கலக்கி, கைவிடாமல் கிளறி, பசைபோலக் காய்ச்சி ஆறவைத்தேன்; இதைத்தான் கப்பி என்பார்கள். 200 கிராம் கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, நன்றாகப் பழுத்துத் தோல் கறுத்த இரண்டு ஏத்தன்பழங்களை (நேந்திரம்பழம்) மசித்து, 75 மில்லி தேங்காயெண்ணெயும் 100 மில்லி கெட்டித் தேங்காய்ப்பாலும் சேர்த்து, அந்தக் கப்பியோடு அடித்துக் கலந்தேன். பிறகு 300 கிராம் பொடியும், சுக்கும் ஏலமும் கிராம்பும் பொடித்ததும் கலந்து, கடைசியில் ஒரு தேக்கரண்டி சோடா உப்பையும் அது பொங்குவதற்கு ஒரு கரண்டி எலுமிச்சைச் சாற்றையும் விட்டு, 170 டிகிரியில் முக்கால் மணி நேரம் சுட்டேன். பாத்திரத்தில் எண்ணெய் தடவிய பிறகு மைதா தூவுவது கைப்பழக்கம் என்பதால், அரிசி மாவையே தூவ வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. சல்லடையும் மரக்கரண்டியும் புதிதாக வாங்கினேன். பழையவற்றின் இடுக்குகளில் எப்போதோ சலித்த மைதா இருக்கும். 1883-ல் தலச்சேரியில் பேக்கரி நடத்திய மாம்பள்ளி பாபு தம் முதல் கிறிஸ்துமஸ் கேக்கை உள்ளூர்ப் பொருட்களையும் சேர்த்துத்தான் செய்தார் என்று கேரளத்தில் சொல்வார்கள். கருப்பட்டியும் ஏத்தனும் கொண்ட கேக் அந்த வழியில் வந்ததாகவே எனக்குப் பட்டது.

கேக் மைதா கேக்கைப்போல உயரவில்லை. ஆனால் கத்தி வைத்தபோது உதிராமல் நின்றது. உட்புறம், அரிசி மாவை ஆவியில் வேகவைத்துச் செய்யும் வட்டயப்பத்தைப்போல ஈரமும் மென்மையுமாக இருந்தது. வேறொரு கடையில் வாங்கிய வறுக்காத அரிசி மாவில் ஒத்திகைக்காகச் செய்த கேக் நாக்கில் நறநறவென்று நின்றது; இந்த மாவில் அந்தக் குறை இல்லை. மாமனாருக்கு விரல் அகலத் துண்டு ஒன்று மட்டும் கொடுத்தேன். கருப்பட்டி சர்க்கரை நோய்க்கு ஆகும் என்று எங்கள் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். அதுவும் இனிப்புதான், இரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், அரிசியும் அப்படியே. தங்கை மகள் மூன்று துண்டு தின்றாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை நான் மணிக்கொரு முறை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மில்லில் மாவு கிலோ 90 ரூபாய். சாதாரண மில் கணக்குக்கு இது கூடுதல்தான். இருந்தாலும் மாவு, கருப்பட்டி, பழம், தேங்காய், எண்ணெய் எல்லாம் சேர்த்து ஒரு கேக்குக்கு 210 ரூபாய்தான் ஆயிற்று.

குறைகளும் உண்டு. பொட்டலத்தில் இடித்த தேதி எழுதித் தருவதில்லை. மறந்து அலமாரியில் வைத்துவிட்டால் எப்போது வாங்கியது என்று தெரியாது. ஆய்வுக்கூடச் சோதனை எதுவும் அவர்கள் செய்யவில்லை, செய்ததாகச் சொல்லவும் இல்லை. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்டு விற்கும் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி; அந்த அளவுக்கு உறுதி வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருப்பவர்கள் சோதித்து முத்திரையிட்ட மாவைத்தான் வாங்க வேண்டும். பண்டிகைக்கு முந்தைய வாரம் கூட்டம் அதிகம் என்பதால், டிசம்பர் 20-க்குள் போய்விடுவது நல்லது. மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு கொண்டுபோனால் அதிலேயே அளந்து தருகிறார்கள். வேறு மாவு பட்ட துணிப்பை வேண்டாம். இரண்டாம் முறை வாங்கியபோது தரியையும் பொடியையும் ஒரே பொட்டலத்தில் கலந்து கட்டிவிட்டார்கள், வீட்டில் மறுபடியும் சலிக்க வேண்டியதாயிற்று. இப்போது ஈஸ்டருக்கு இரண்டு கிலோ சொல்லி வைத்திருக்கிறேன், தனித்தனியாகக் கட்டித் தருவதாக அந்த அம்மா சொல்லியிருக்கிறார்.