கல்யாண டிவிடி ஓடவில்லையா: நேரே போட்டுப் பார்ப்பதா, காப்பி எடுத்துப் பார்ப்பதா?

கடலூர் முதுநகரிலோ புதுவை குருசுக்குப்பத்திலோ, பல வீட்டு பீரோவில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள்நீர் என்று டிவிடிகள் அடுக்கியிருக்கும். இன்று கம்ப்யூட்டரில் போட்டால் பாதி ஓடாது. மென்பொருள், டிரைவ், டிஸ்க் மூன்றில் எது காரணம் என்று தெரியாமல் டிரைவை மாற்றினால் பணம்தான் வீண்.

மென்பொருளைச் சட்டென்று முடித்துவிடலாம். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதலே டிவிடி படம் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. பழைய மீடியா பிளேயர் விண்டோஸ் 10-இல் இருந்தாலும் டிவிடியை ஓட்டாது. ஸ்டோரில் விற்கிற டிவிடி பிளேயருக்குக் காசு கொடுப்பதைவிட இலவச வி.எல்.சி. எவ்வளவோ மேல், படத்தை விரித்துக் காட்டத் தேவையான டிகோடர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. கன்ட்ரோல்-டி அழுத்தி டிஸ்கைத் திறங்கள். மெனுவிலேயே சிக்கி நின்றால் ‘மெனு வேண்டாம்’ என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். ஆட்கள் நகரும்போது சீப்புப் பல் மாதிரி கோடு விழுந்தால் அது டிஸ்கின் கோளாறு அல்ல. அன்றைய வீடியோ கேமராக்கள் ஒரு ஃபிரேமை இரண்டு பாதியாகப் பதிந்தன. வி.எல்.சி.யில் அந்தப் பாதிகளைச் சேர்க்கும் டீ-இன்டர்லேஸை ஆன் செய்தால் போய்விடும்.

புதுவைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. எந்த நாட்டில் ஓடலாம் என்று கடைப் பட டிவிடியில் குறித்திருக்கும் எண்தான் ரீஜியன். பிரான்சிலிருந்து உறவினர் வாங்கி வரும் படங்கள் பெரும்பாலும் ரீஜியன் 2. இந்தியா ரீஜியன் 5. பல டிரைவில் வி.எல்.சி. இதைத் தாண்டி ஓட்டிவிடும், சிலவற்றில் டிரைவே தடுத்துவிடும். டிவைஸ் மேனேஜரில் ரீஜியனை மாற்றலாம், ஆனால் மொத்தம் 5 தடவைதான். கடைசியாக வைத்ததோடு டிரைவ் நிரந்தரமாக நின்றுவிடும். வீட்டு விசேஷ டிஸ்குகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

அடுத்து, டிரைவா டிஸ்கா? சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. விசிடி நன்றாக ஓடி, எந்த டிவிடியுமே ஓடவில்லை என்றால் 650 லேசர் சோர்ந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். இரண்டுமே தடுமாறினால் முதலில் லென்ஸைப் பாருங்கள். உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து மங்கலாகப் படிந்திருக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, அழுத்தாமல் துடையுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில்தான் தொங்குகிறது. இன்னொரு சோதனை, டிவிடியில் படம் இருக்கும் வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரை ஹார்ட் டிஸ்கில் காப்பி போடுவது. ஒவ்வொரு முறையும் ஒரே ஃபைலில் ஒரே இடத்தில் நின்றால் கோளாறு டிஸ்கில். இடம் மாறி மாறி நின்றால் டிரைவில்.

டிரைவ் வாங்குவதானால், டெஸ்க்டாப்பில் உள்ளே பொருத்தும் சாட்டா (SATA) கேபிள் டிரைவைத்தான் சொல்வோம். யு.எஸ்.பி. டிரைவ் கையடக்கம்தான், ஆனால் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது முன்பக்க போர்ட்டிலோ ஹப்பிலோ கரண்ட் போதாமல் துண்டித்துக்கொள்ளும். கேபினட்டின் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள்.

இனி முக்கியமான தேர்வு. கடையில் வாங்கிய படத்தை நேரே ஓட்டிப் பார்த்தால் போதும். விசேஷ டிஸ்கை அப்படிச் செய்யாதீர்கள், முதலில் காப்பி எடுங்கள். அதில் படம் இருப்பது சாயப் படலத்தில். வெயில், வெக்கை, ஈரம் மூன்றும் அதைக் கெடுக்கும். இந்தக் கடலோரத்தில் மூன்றுக்கும் குறைவில்லை. சாதாரணக் காப்பி ஒரு கெட்ட இடத்தில் முட்டினால் அதோடு நின்றுவிடும். கெட்டுப்போன டிஸ்கிலிருந்து தகவலை மீட்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) மென்பொருள் அப்படியில்லை. விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸைப் பென்டிரைவில் பூட் செய்து அதை ஓட்டுங்கள், செக்டர் (டிஸ்கில் தகவல் பதிந்திருக்கும் சிறு துண்டு) அளவு 2048 பைட் என்று கொடுங்கள். நல்ல பகுதியை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களை மேப் ஃபைலில் குறித்துவைத்து, பிறகு மறுபடி முயலும். அதே மேப் ஃபைலோடு வேறொரு டிரைவிலும் ஓட்டுங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட செக்டரை இன்னொன்று படித்துவிடுவதுண்டு. விசிடிக்கு இந்த வழி சரிவராது, அதன் செக்டர் அமைப்பே வேறு.

டிஸ்கைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக இழுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் டிராக்கின் போக்கிலேயே விழும், பிழை திருத்தம் அதைச் சமாளிக்காது. தானே (2011), ஃபெஞ்சல் (2024) மாதிரிப் புயலில் வெள்ளம் புகுந்து சேறு படிந்தவற்றை முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். மேலே ஒட்டிய காகித ஸ்டிக்கரைப் பிய்க்க வேண்டாம். சிடி, விசிடியில் தகவல் லேபிளுக்கு அடியிலேயே இருப்பதால் படலமும் கூடவே வந்துவிடும். டிவிடியில் அது இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தாலும் இழுக்கும் வேகத்தில் ஒட்டு பிரியலாம்.

காப்பி முடிந்ததும் முழு டிஸ்கும் ஒரே ஃபைலாக வந்திருக்கும் ஐஎஸ்ஓ ஃபைலை வி.எல்.சி.யில் திறந்து கடைசிப் பத்து நிமிஷத்தை ஓட்டிப் பாருங்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. விளிம்பு கெட்டிருந்தால் நிறைந்த டிஸ்கில் அங்கேதான் தெரியும்.