மைக் செட், மூன்று கேமரா, நேரலை: 42,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

கும்பகோணத்தில் எங்கள் வாசகர் வட்டம் நடத்திய இலக்கிய விருது விழாவுக்கு ஒலி, ஒளி, நேரலை மூன்றையும் ஒரே குழுவிடம் விட்டோம். மொத்தம் 42,000 ரூபாய். பெயரை எழுதப் போவதில்லை. நல்ல பையன்கள், ஊரில் பாதிக் கல்யாணம் அவர்கள் கையில்தான். சிக்கலே அதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மணி விழாவுக்கு மதியம் ஒரு மணிக்கே வண்டி வந்துவிட்டது. எல்இடி திரை பளிச்சென்று இருந்தது. ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் போனபோது, ஜெனரேட்டர் பிடிக்கும்வரை ஒலி மிக்ஸரும் கேமராக்களும் யுபிஎஸ்ஸில் ஓடின. நாங்கள் கேட்காமலே செய்திருந்த ஏற்பாடு அது.

மைக்தான் காலை வாரியது. தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட இரண்டு பள்ளி மாணவிகளைத் தயார் செய்திருந்தோம். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோதே, இசைத்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்களைப் பாடவைக்கச் சொன்னார்கள். 55 விநாடிப் பாட்டு. அதில் முதல் இருபது விநாடி ஒரு பெண்ணின் மைக்கில் மட்டும்தான் உயிர் இருந்தது. இன்னொன்றைத் திறந்ததும் ஊளையிட ஆரம்பித்தது. ஸ்பீக்கர் பாக்ஸ்களை மைக்குக்குப் பின்னால், மேடை ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். பாக்ஸ் சத்தம் மைக்குக்குள்ளேயே திரும்பப் புகுந்தால் ஊளையிடாமல் என்ன செய்யும்?

கல்யாணக் கச்சேரியில் பாடகர் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிப்பதால் இது வெளியே தெரியாது. எழுத்தாளர்கள் அப்படியா? எழுபத்தெட்டு வயது மொழிபெயர்ப்பாளர் ஒரு முழம் தள்ளி நின்று, தாளைப் பார்த்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல ஏற்புரையை வாசித்தார். வால்யூமை ஏற்றினால் ஊளை, இறக்கினால் நான்காவது வரிசையிலிருந்து "கேக்கலை சார்!" ஸ்டாண்டை நாலு அங்குலம் இறக்கி அவர் பக்கம் தள்ளினால் தீர்ந்தது. மேடையேறக் கூச்சப்பட்டு இரண்டு பையன்களும் கீழேயே நின்றார்கள். கடைசியில் நான் போய்த் தள்ளினேன்.

அப்புறம் நேரலை. விருதாளர் ஒவ்வொருவரும் படியேறும்போது, மாப்பிள்ளை அழைப்புக்குப் போடும் சினிமாப் பின்னணி இசையைப் போட்டார்கள். மூன்றாவதாகக் கவிதை விருது. கவிஞர் முதல் படியில் கால் வைத்தார். நேரலை நின்று காப்புரிமை அறிவிப்பு வந்துவிட்டது. குவைத்தில் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மகளுக்கு அப்பாவின் ஒரு கால் மட்டும்தான் கிடைத்தது.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2012 செப்டம்பரில் சிகாகோவில் நடந்த, அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது விழாவில், எழுத்தாளர் நீல் கெய்மன் ஏற்புரை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே இணைய நேரலை அறுந்தது. அதற்குச் சற்று முன் திரையிட்ட தொலைக்காட்சித் தொடரின் துண்டுக் காட்சிகளைத் தானியங்கி மென்பொருள் திருட்டு என்று எண்ணிவிட்டது. அவர்களுக்காவது காட்சிகளைப் போட அனுமதி இருந்தது. எங்களுக்கு அதுவும் இல்லை. இசை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதது எங்கள் தப்பு. கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு நிமிட நாகஸ்வரத்துக்கு ஆள் பிடிக்காதது அதைவிடப் பெரிய தப்பு.

ஒன்பது மணிக்கு மேல் போனதற்குக் கூடுதலாக 2,500 ரூபாய் வாங்கினார்கள். நியாயம்தான். அழைப்பிதழில் ஐந்து நிமிடம் என்று போட்டிருந்த வாழ்த்துரை இருபத்தேழு நிமிடம் ஓடினால் அவர்கள் என்ன செய்வார்கள்?

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். அடுத்த வருஷமும் இவர்களைத்தான் கூப்பிடுவோம் என்று நினைக்கிறேன். ஆனால் நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு மிக்ஸர் பக்கத்தில் நான் நாற்காலி போட்டு உட்காருவேன்.

பத்தொன்பது நாள் கழித்துப் பென் டிரைவ் வந்தது. சிறப்பு விருந்தினர் கவிஞருக்குப் பொன்னாடை போர்த்தும் இடத்தில், இருவரையும் சுற்றி ஓர் இதயம் விரிந்து, மேலிருந்து ரோஜா இதழ்கள் கொட்டுகின்றன. எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று கவிஞரைக் கேட்டேன். அதற்குள் மகளுக்கு அனுப்பிவிட்டாராம்.